பெயரோடு வேலையையும் சரியாகப் போடுங்கள்

திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும், டைட்டில் கார்டுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

இருபது வருடமாகப் படங்களின் ஒலிப் பிரிவில் இருக்கிறேன். பூம் (நீளமான கம்பின் நுனியில் மாட்டிய மைக்) பிடிப்பதில் ஆரம்பித்து, படப்பிடிப்புத் தளத்தில் ஒலிப்பதிவு செய்து, இப்போது பெரும்பாலும் வசன எடிட்டிங் செய்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு தேவைக்காக, இதுவரை திரையில் என் பெயரோடு வந்த பதவிகளை எல்லாம் எழுதிப் பார்த்தேன். தளத்து ஒலிப்பதிவு என்ற ஒரே வேலைக்கு ஏழு பெயர்கள் இருந்தன. ஒலி. ஒலிப்பதிவு. ஒலிப் பொறியாளர். ஒலி உதவி. சின்க் சவுண்ட். லைவ் ரெக்கார்டிங். சவுண்ட் டிசைன்.

கடைசிப் பெயர்தான் இந்த மடலை எழுத வைத்தது. அந்தப் படத்தில் நான் ஒலி வடிவமைப்பு செய்யவே இல்லை. தளத்தில் பதிவு செய்தேன், படப்பிடிப்பு முடிந்ததும் ஹார்டு டிஸ்க்கை ஒப்படைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் நாலு மாதம் இருட்டறையில் உட்கார்ந்து அந்தப் படத்தின் ஒலி உலகத்தைக் கட்டியவர் வேறொருவர். பட்டியலில் அவர் பெயர் எங்குமே இல்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. கடைசி நேரத்தில் "சவுண்டுக்கு யார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார், இன்னொருவர் நினைவுக்கு வந்த பெயரைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். படம் வெளியான அன்று இரவு அவர் எனக்கு போன் செய்தார். கோபப்படவில்லை. "இந்தப் படத்தை நான்தான் செய்தேன் என்று இனிமேல் எதைக் காட்டிச் சொல்வது?" என்று மட்டும் கேட்டார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தேன். திரையில் ஒன்று இருக்கும்போது கையிலிருக்கும் கடிதத்தை யார் நம்புவார்கள்? அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒலி என்றால் ஒரே வேலை என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். அதில் உங்கள் தவறு பெரிதாக ஒன்றும் இல்லை. நன்றாகச் செய்த ஒலி ஒரே ஒலியாகத்தான் காதில் விழும். தையல் தெரியாமல் தைப்பதுதான் எங்கள் வேலை. அதனால்தான் அந்தத் தையலை ஒரு முறையாவது பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு பெண் மழையில் நனைந்தபடி வாசலுக்கு வருகிறாள். கதவைத் திறந்தவனிடம் நாலு வரி பேசிவிட்டுத் திரும்பிப் போகிறாள். மொத்தம் அரை நிமிடக் காட்சி. அவள் குரல் தளத்தில் பதிவானது. தலைக்கு மேலே பூம் மைக், உடைக்குள் ஒளித்த சின்ன மைக், இரண்டையும் அந்தந்த நொடியில் சமன் செய்து கலந்தபடி, தனித்தனித் தடங்களாகவும் பதிவு செய்துகொண்டிருந்தவர் ஒருவர். அவரைத்தான் உலகின் பல இடங்களில் ப்ரொடக்‌ஷன் சவுண்ட் மிக்ஸர் என்கிறார்கள். "மிக்ஸிங் கடைசியில்தானே நடக்கிறது, இவர் எப்படி மிக்ஸர்?" என்று ஒரு தயாரிப்பு மேலாளர் என்னிடம் உண்மையாகவே கேட்டிருக்கிறார். தளத்திலேயே பல மைக்குகளை உடனுக்குடன் கலக்கிறார் என்பதால் அந்தப் பெயர்.

சரி, மழை? அது செயற்கை மழை. குழாயும் மோட்டாரும் போட்ட சத்தம் அவள் குரலில் பாதியைத் தின்றுவிட்டது. வசன எடிட்டர் ஒன்பது டேக்குகளையும் கேட்டு, நான்காம் டேக்கில் தெளிவாக இருக்கும் ஒரு சொல்லை எடுத்து ஏழாம் டேக்கின் உதட்டசைவில் உட்கார வைத்தார். ஒரு வரியை மட்டும் எப்படியும் காப்பாற்ற முடியவில்லை. அந்த நடிகை ஸ்டுடியோவுக்கு வந்து, திரையைப் பார்த்து அதை மறுபடி பேசினார். அதைத் திட்டமிட்டு வாங்கியவர் ஒருவர், பதிவு செய்தவர் ஒருவர். நிஜ மழை எஃபெக்ட்ஸ் எடிட்டர் வைத்தது: கூரையில் விழும் மழை தனி, மண்ணில் விழும் மழை தனி, தூரத்து மழை தனி. அவளுடைய ஈரக் காலடியையும் புடவை உரசலையும் ஃபோலி கலைஞர் திரையைப் பார்த்துக்கொண்டே தன் காலாலும் கையாலும் செய்தார். அவள் கடைசி வரியைச் சொல்லும்போது மழை சட்டென்று வேறொரு ஊரில் பெய்வதுபோல விலகிப் போகிறதே, அந்த முடிவு ஒலி வடிவமைப்பாளருடையது. இவை எல்லாவற்றையும் இசையோடு சேர்த்து, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று கடைசியில் நிர்ணயித்தவர் ரீ-ரெக்கார்டிங் மிக்ஸர். ஏற்கெனவே பதிவான ஒலிகளை இறுதித் தடத்துக்கு மறுபடி பதிவதால் அந்தப் பெயர் வந்தது.

அரை நிமிடத்துக்கு இத்தனை பேர். பெயர்ப் பட்டியலில் "ஒலி" என்று ஒற்றைச் சொல்லும் அதற்கு எதிரே ஒரே பெயரும் வரும்போது, இவர்களில் யாரைச் சொல்கிறீர்கள்?

பெயர்கள் குழப்பமானவைதான், ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டனில் இறுதிக் கலவை செய்பவரை டப்பிங் மிக்ஸர் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. நமக்கோ டப்பிங் என்றால் குரல் கொடுப்பதும் மொழி மாற்றுவதும். நம் சினிமாப் பேச்சில் ரீ-ரெக்கார்டிங் என்றாலே பின்னணி இசை என்று பொருளாகிவிட்டது. அதனால் கலவை செய்தவருக்கு அந்தப் பதவியைப் போட்டால், இசையமைப்பாளர் வேறொருவர் இருக்க இவர் யார் என்று பார்ப்பவர்கள் குழம்புகிறார்கள். ஒலிப்பதிவு என்ற சொல் பாடல் பதிவுக்கும் பொருந்தும், தளத்துப் பதிவுக்கும் பொருந்தும். இப்படி இருக்கும்போது ஊகித்து எழுதினால் தவறத்தான் செய்யும். சம்பந்தப்பட்டவரைக் கேட்டு எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இந்தப் பதவிகள் எப்படி வந்தன என்று பார்த்தால், இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை என்று புரியும். பேசும்படம் வந்த புதிதில் ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் ஒலிக்கு ஒரே பெயர் வரும். அது ஒலித் துறைத் தலைவருடையது. 1930இல் ஆஸ்கரில் ஒலிப்பதிவுக்கு முதன்முதலாக விருது கொடுத்தபோது, 'தி பிக் ஹவுஸ்' படத்துக்காக எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் ஒலித் துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர் பெற்றார். பெரிய திறமைசாலி, சந்தேகமில்லை. ஆனால் அவர் பெயர் வந்த படங்களில் எல்லாம் தளத்தில் மைக்கைச் சுமந்தவர் அவர் இல்லையே. அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்றும் இருக்கிறது. "ஒலி" என்று போட்டு எதிரே ஒரு ஸ்டுடியோவின் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகும் படங்களைச் சொல்கிறேன். ஸ்டுடியோ ஒரு கட்டடம். அதற்குள் உட்கார்ந்து வேலை பார்த்தது மனிதர்கள்.

யுனிவர்சல் ஸ்டுடியோவில் ஜாக் ஃபோலி என்று ஒருவர் இருந்தார். 1929இல் வந்த 'ஷோ போட்' படத்தில் தொடங்கி, ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே காலடிச் சத்தத்தையும் துணிச் சத்தத்தையும் நேரடியாகச் செய்து பதியும் முறையை வளர்த்தவர். பல பத்தாண்டுகள் அந்த வேலையைச் செய்தார். படங்களின் பெயர்ப் பட்டியலில் அவருக்கு இடம் கொடுக்கப்படவில்லை. இன்றைக்கு அவர் பெயரே ஒரு தொழிலின் பெயர். உலகம் முழுக்க நாள்தோறும் ஏதோ ஒரு படத்தின் கடைசியில் ஃபோலி என்ற சொல் மேலே நகர்ந்து போகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். உயிரோடு இருந்து வேலை செய்தபோது போட்டிருக்க வேண்டிய பெயர் அது.

அமெரிக்க எடிட்டரும் ஒலிக் கலைஞருமான வால்டர் மர்ச்சின் கதையும் இதில் வருகிறது. 1972இல் 'தி காட்ஃபாதர்' படத்தின் ஒலியில் அவர் செய்த வேலைக்குத் திரையில் கிடைத்த பதவி போஸ்ட் ப்ரொடக்‌ஷன் ஆலோசகர். ஹாலிவுட் தொழிற்சங்க விதிகள் காரணமாக, செய்த வேலையை அப்படியே சொல்ல முடியவில்லை. வேறு படங்களில் சவுண்ட் மாண்டாஜ் என்று போட்டுக்கொண்டார். 1979இல் 'அபோகலிப்ஸ் நவ்' வந்தபோதுதான் ஒலி வடிவமைப்பு என்ற சொல் அவர் பெயரோடு சேர்ந்தது. அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். உள் அலங்காரம் செய்பவர் ஓர் அறையின் இடத்தை வடிவமைப்பதுபோல, பார்வையாளரைச் சுற்றி வைத்த ஒலிபெருக்கிகளைக் கொண்டு அரங்கின் முப்பரிமாண வெளியைத் தான் வடிவமைப்பதாக அவர் விளக்கினார். முன்னால் ஒரு ஹெலிகாப்டர் தொடங்கி, பின்னால் சுற்றி, மறுபடி முன்னால் வர வேண்டுமென்றால் யாராவது அந்தப் பாதையை யோசித்தாக வேண்டும் இல்லையா? அந்த யோசனைக்கு வைத்த பெயர் அது. அதற்கு இரண்டு வருடம் முன்பு 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு ஒரு ஒலி உலகத்தையே படைத்த பென் பர்ட்டுக்குத் திரையில் வந்தது, சிறப்பு வசனமும் ஒலி எஃபெக்ட்ஸும் என்ற பொருளில் ஒரு பதவி. அந்த வேலைக்குப் பொருத்தமான சொல் அப்போது புழக்கத்தில் இல்லை.

இப்போது சொல் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே போட்டுப் போட்டு அதன் பொருள் தேய்ந்துவிட்டது. இரண்டு கதவுச் சத்தம் சேர்த்தவருக்கும் ஒலி வடிவமைப்பு, தளத்தில் பதிவு செய்தவருக்கும் ஒலி வடிவமைப்பு, இறுதிக் கலவை மட்டும் செய்தவருக்கும் அதே பதவி. இதில் எங்கள் பக்கத்துத் தவறும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். வடிவமைப்பாளர் என்றால் கௌரவம் என்று நினைத்து, செய்யாத வேலையின் பெயரைக் கேட்டு வாங்குபவர்கள் எங்களில் இருக்கிறார்கள். நல்ல வசன எடிட்டர் வசன எடிட்டர் என்றே பெயர் போட்டுக்கொள்ளலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை. நான் அப்படித்தான் கேட்கிறேன்.

விருதுகளில் நடப்பதைப் பாருங்கள். ஆஸ்கரில் ஒலி எடிட்டிங்குக்கு ஒன்று, ஒலிக்கலவைக்கு ஒன்று என்று இரண்டு விருதுகள் இருந்தன. வாக்களிப்பவர்களில் பலருக்கே இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை என்று வெகுகாலமாகப் பேச்சு உண்டு. 2020இல் இரண்டையும் ஒன்றாக்க முடிவு செய்தார்கள். 2021 விழாவில் 'சவுண்ட் ஆஃப் மெட்டல்' படத்துக்கு ஐந்து பேர் அந்த விருதை வாங்கினார்கள். தளத்தில் பதிவு செய்தவர், ஒலி எடிட்டிங்கை வழிநடத்தியவர், கலவை செய்தவர்கள் என எல்லோரும் அந்த ஐவரில் இருந்தார்கள்.

இந்திய தேசிய விருதுகளில் 2009ஆம் ஆண்டுப் படங்கள் தொடங்கி ஒலிக்கு மூன்று உட்பிரிவுகள் வந்தன: தளத்து ஒலிப்பதிவாளர், ஒலி வடிவமைப்பாளர், இறுதிக் கலவை செய்பவர். நல்ல ஏற்பாடு. ஆனால் 2022இல் அறிவித்த விருதுகளில், சின்க் சவுண்டுக்கு (படப்பிடிப்பின்போதே பதிவான குரலையே படத்தில் பயன்படுத்துவது) மட்டுமே உரிய தளத்து ஒலிப்பதிவு விருது ஒரு படத்துக்குப் போனது. அது சின்க் சவுண்ட் படமே இல்லை, டப்பிங் செய்தது என்று அந்தப் படத்தின் ஒலி வடிவமைப்பாளரே வெளிப்படையாகச் சொன்னார். எந்த வேலைக்கு எந்தப் பெயர் என்பதில் எவ்வளவு தெளிவு குறைந்திருந்தால் இது நடக்கும்? அதற்கப்புறம் 2024இல் மூன்று பிரிவுகளும் போய், சிறந்த ஒலி வடிவமைப்பு என்ற ஒரே விருது வந்துவிட்டது. அங்கே ஒன்றாக்கியபோது எல்லோரையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். இங்கே ஒன்றாக்கியபோது ஒரு பதவியின் பெயர் மட்டும் மிஞ்சியது. தளத்தில் பதிவு செய்தவரும் இறுதிக் கலவை செய்தவரும் அந்தப் பெயருக்குள் எங்கே நிற்பார்கள்? எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அடுத்து, பெயர் வரும் இடம். ஒளிப்பதிவாளர், எடிட்டர், கலை இயக்குநர், உடை வடிவமைப்பாளர், இசையமைப்பாளர் எல்லோருக்கும் தனித்தனி கார்டு வருகிறது. அவர்கள் துறைத் தலைவர்கள், வரட்டும். ஒலியின் துறைத் தலைவர்கள் மட்டும் பல படங்களில் கடைசியில் ஓடும் நீண்ட பட்டியலுக்குள் போய்விடுகிறார்கள். அரங்கில் விளக்கு போட்டு, கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் அந்தப் பகுதி வருகிறது. ஓடிடி தளங்களில் இன்னும் மோசம். பட்டியல் ஆரம்பித்த சில நொடிகளில் அது ஒரு மூலையில் சின்னப் பெட்டியாகிவிடும், அடுத்த படத்தின் விளம்பரம் திரையை நிறைத்துவிடும்.

"எல்லோரையும் முன்னால் போட்டால் டைட்டில் நீண்டுவிடும்" என்று சொல்வீர்கள். எல்லோரையும் கேட்கவில்லை. தளத்து ஒலிப்பதிவாளர், ஒலி வடிவமைப்பாளர் அல்லது ஒலி எடிட்டிங்கை வழிநடத்தியவர், இறுதிக் கலவை செய்தவர். இந்த மூவரும் மற்றத் துறைத் தலைவர்கள் எங்கே வருகிறார்களோ அங்கேயே வரட்டும். எல்லாத் துறைத் தலைவர்களையும் படத்தின் முடிவில் போடுவதானால் இவர்களும் முடிவில் வரட்டும், மறுப்பில்லை. மூவரும் ஒரே கார்டைப் பகிர்ந்துகொள்ளவும் தயார். வேலை நடந்த வரிசையில் போட்டால் போதும்.

அப்புறம் பூம் ஆபரேட்டர். இவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், நான் அங்கிருந்து வந்தவன். பெரும்பாலான பட்டியல்களில் இவர் ஒலி உதவியாளர் ஆகிவிடுகிறார், அல்லது இல்லாமலே போகிறார். நீளமான கம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பவர் என்று வெளியிலிருந்து தெரியும். அவர் அன்றைய காட்சியின் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்திருப்பார், யார் எப்போது பேசத் தொடங்குவார் என்று தெரிந்தால்தான் மைக்கை ஒரு நொடி முன்னால் அங்கே கொண்டுபோக முடியும். கேமராவில் எந்த லென்ஸ் என்று கேட்டு, ஃபிரேமின் விளிம்பு எங்கே வரும் என்று மனதில் கோடு போட்டுக்கொள்வார். எந்த விளக்கு எந்தச் சுவரில் தன் நிழலைப் போடும் என்று பார்த்து வைத்திருப்பார். நடிகர் ஒத்திகையில் நின்ற இடத்தில் டேக்கில் நிற்காவிட்டால், யோசிக்க நேரமில்லாமல் கை தானாக நகர வேண்டும். ஒரு டேக் நாலு நிமிடம் போனால் நாலு நிமிடமும் கை இறங்காது. நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது, மைக் நுனி ஒரு முறை ஃபிரேமுக்குள் வந்தால் தளமே திரும்பிப் பார்க்கும். அது தனித் திறமை, தனிப் பதவி. பூம் ஆபரேட்டர் என்றே போடுங்கள். கேபிள் இழுத்து, வயர்லெஸ் மைக்கை உடையில் ஒளித்து, சத்தம் போடும் தரையில் விரிப்பு போட்டுத் தரும், தளத்து ஒலிக்குழுவின் மூன்றாமவர் பெயரும் வரட்டும்.

பெயரும் பதவியும் எங்களுக்குச் சும்மா அலங்காரம் இல்லை. எங்களில் பெரும்பாலோர் நிரந்தர வேலையில் இல்லை, படத்துக்குப் படம் வேலை தேடுகிறவர்கள். அடுத்த படத்துக்குக் கேட்கும்போது முந்தைய படத்தின் பட்டியல்தான் சான்று. தொழில் அமைப்புகளில் உறுப்பினராகச் சேரவும் அதைத்தான் காட்டுகிறோம். இணையத்தில் இருக்கும் திரைப்படத் தகவல் தளங்கள் திரையில் வந்ததைப் பார்த்தே நிரப்பப்படுகின்றன. ஒரு முறை அங்கே தப்பாக ஏறினால் பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். உங்களுக்குக் கடைசி வாரத்தில் செய்த ஒரு சின்னத் தட்டச்சுப் பிழை, எங்களுக்கு ஒரு வருட உழைப்பின் முகவரி மாறிப்போவது.

ஒப்பந்தத்தில் பெயர் போடுவது பற்றி ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழேயே, கவனக்குறைவாக விட்டுப்போனால் அது ஒப்பந்த மீறல் ஆகாது என்று இன்னொரு வரியும் பெரும்பாலும் இருக்கும். அந்த இரண்டாம் வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை, தவறு யாருக்கும் வரும். முதல் வரியில் வெறும் "பெயர் போடப்படும்" என்று விடாமல், எந்தப் பதவியில், எந்த இடத்தில் என்று படப்பிடிப்பு தொடங்கும் முன்பே எழுதுங்கள். நடுவில் ஆள் மாறினால் அப்போதே திருத்துங்கள். முதல் இருபது நாள் பதிவு செய்தவர் ஒருவர், அடுத்த முப்பது நாள் இன்னொருவர் என்றால் இரண்டு பெயரும் வர வேண்டும். படம் வேறு மொழிக்குப் போகும்போது அந்த மொழியின் டப்பிங்கைப் பதிவு செய்தவர்கள், கலவை செய்தவர்கள் பெயரைச் சேருங்கள், அதற்காக மூலப் படத்தின் ஒலிக்குழுவை எடுத்துவிடாதீர்கள். இரண்டும் நடந்து பார்த்திருக்கிறேன்.

கடைசியாக உடனே செய்யக்கூடிய ஒன்று. பெயர்ப் பட்டியலை லாக் செய்யும் முன் ஒலிக்குழுவின் பகுதியை மட்டும் எடுத்து, தளத்து ஒலிப்பதிவாளருக்கும் ஒலி வடிவமைப்பாளருக்கும் கலவை செய்பவருக்கும் அனுப்பி வையுங்கள். மூன்று பேருக்கும் சேர்த்து அனுப்புங்கள், ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார். எழுத்துப் பிழை, விடுபட்ட பெயர், தவறான பதவி எல்லாவற்றையும் திருத்தி அன்று மாலைக்குள் திருப்பி அனுப்பிவிடுவோம். நான் இப்போது ஒரு படத்தில் வசன எடிட்டிங் செய்துகொண்டிருக்கிறேன். அந்தப் படத்தின் ஒலிக்குழுப் பட்டியலை நேற்றே எழுதி வைத்துவிட்டேன், பூம் ஆபரேட்டரிடம் பெயரின் எழுத்தையும் சரிபார்த்தாகிவிட்டது. நீங்கள் கேட்ட நிமிடம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வசன எடிட்டர்